மாலதி அக்காவுக்கு ஒரு பட்டன்

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. 'சந்திரன் அழுத்திப் பார்த்தாரா? அவருக்குப் பிடித்திருக்கிறதா?'

எழுதியவர் ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் கணக்கு வாத்தியார். சந்திரன் அண்ணாவை அவர் பார்த்ததில்லை. என்னையும் பார்த்ததில்லை. பிறகு எதற்கு இவ்வளவு அக்கறை?

சொல்கிறேன்.

சந்திரன் அண்ணாவும் மாலதி அக்காவும் சிட்னியில், பென்டில் ஹில்லில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள். போன வருடம் அண்ணாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும்... பதில் வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். ஒரு வீட்டு விசேஷம் விடாமல் வீடியோ கமராவும் கையுமாக நின்று, எல்லாரையும் அதட்டி வரிசையில் நிறுத்திய மனிதர் அவர்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு ஆப்பைக் காட்டினாள். டேப்லெட்டில் வரிசையாகப் படங்கள். கோப்பைப் படத்தை அழுத்தினால் 'தேத்தண்ணி வேணும்' என்று பேசும். நாமே குரலைப் பதிந்துகொள்ளலாம். காசு கிடையாது. ஓப்பன் சோர்ஸ் — அதாவது உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டுக்காரர்கள் சம்பளம் வாங்காமல், தங்கள் வேலை முடிந்து வந்து அதை எழுதுகிறார்கள்.

"சும்மா குடுக்கிறாங்கள் எண்டால் உள்ளுக்க ஏதோ கிடக்கு" என்றார் அக்கா. நம்ம ஆட்கள்!

மகள் துளசி தன் குரலில் எல்லாம் பதிந்தாள். தேத்தண்ணி, தண்ணி, வலி, டிவி. அண்ணா சமர்த்தாக அழுத்தினார். சிக்கல் 'ஆட்கள்' பக்கத்தில். அங்கே படமும் பெயரும்தான் போடலாம். பெயரை மெஷினே வாசிக்கும். அக்காவின் படத்தைப் போட்டுப் பெயரை அடித்தாள். அண்ணா அழுத்தினார். மெஷின் வெள்ளைக்கார நாக்கில் 'மெலாட்டி' என்றது.

அண்ணா டேப்லெட்டைத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு தொடவே இல்லை. அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் உட்கார்ந்திருக்கும் கதிரையின் கையில் கரண்டியால் தட்டுவார்.

"ஆக்சென்ட் சரியில்லை அன்ரி, அதான் அப்பாவுக்குக் கோபம்" என்றாள் துளசி.

"அது இல்லைப் பிள்ளை" என்றார் அக்கா என்னிடம், மெதுவாக. "கலியாணம் கட்டின நாளிலயிருந்து இவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்ப மட்டும் கூப்பிடுவாரோ? கரண்டியால தட்டேக்க... ஆரோ வாசல் கதவைத் தட்டுற மாதிரிக் கிடக்கு. இவர் கூப்பிடுற மாதிரி இல்லை."

எப்படிக் கூப்பிடுவார் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கணவன்மார் பாதிப் பேர் கூப்பிடுவது போலத்தான்: 'இஞ்சாரும்.'

அந்த ஒரு சொல் அந்த வீட்டில் இல்லாமல் போய்விட்டது. அதுதான் விஷயம்.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தோம். சிவப்பு எழுத்தில் வந்தது: 'பெயர் கட்டாயம்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பின் இணையப் பக்கத்தில் குறை சொல்ல ஓர் இடம் இருந்தது. 'ஆட்கள் பக்கத்தில் மனைவியின் பட்டனுக்கு எதற்குப் பெயர்? உடனே எடுத்துவிடவும்' என்று கட்டளை போட்டேன். இலவசச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பாயசத்துக்குச் சீனி காணாது என்று சத்தம் போடுகிற பரம்பரை அல்லவா!

பதில் வராது என்றுதான் நினைத்தேன். என் டெலிபோன் கம்பெனி என் கருத்து மிக முக்கியம் என்று சொல்லிச் சொல்லியே மணிக்கணக்காகப் பாட்டுப் போடும். காசு கட்டுகிறவளுக்கே அந்த மரியாதை.

மறுநாள் பதில் வந்தது. 'மன்னிக்கவும், விளங்கவில்லை. இந்தப் பட்டன் யாருக்கு? அவர் மனைவியை எப்படிக் கூப்பிடுவார்?' ஆப்பை எழுதுகிறவர்களில் ஒருவரான அந்தக் கணக்கு வாத்தியார்தான்.

கேள்வி! குறை சொன்னால் யாராவது திருப்பிக் கேள்வி கேட்டிருக்கிறார்களா உங்களிடம்? சூடு தணிந்துபோய், தமிழ்த் தாம்பத்தியம் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதினேன். இஞ்சாரும் என்றால் என்ன? 'இங்கே பாருங்கள் அம்மணி' என்று ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தேன். ஏதோ போலீஸ்காரர் காரை மறித்த மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

கீழே மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் முடியாது என்றார்: பெயர் இல்லாவிட்டால் பட்டன்களை அகரவரிசையில் எப்படி அடுக்குவது? நியாயமான கேள்வி. வேறொரு நாட்டுப் பேச்சுப் பயிற்சியாளர், தன்னிடம் வரும் ஒரு பெரியவர் மனைவியை விசிலடித்துத்தான் கூப்பிடுவாராம் என்று எழுதினார். விசிலை எந்த எழுத்தில் அடுக்குவது? முடியாது என்றவர் இறங்கி வந்தார். ஒருவரும் ஒருவரையும் முட்டாள் என்று சொல்லவில்லை. நம்ம சங்கக் கூட்டங்களுக்குப் போய்வந்த எனக்கு அதுவே ஆச்சரியம்.

அடுத்த வாரம் புது ஆப் வந்தது. பெயர் வேண்டாம், நாமே பேசிப் பதியலாம்.

யார் பேசுவது? துளசி, அம்மாவை 'இஞ்சாரும்' என்பதா? துளசியின் கணவர், மாமியாரை? கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயோ!" என்று அக்கா எழும்பிவிட்டார். "வேற ஆம்பிளை என்னை அப்பிடிக் கூப்பிடுறதோ? நான் எப்பிடி ஓம் எண்டுறது?"

இதையும் வாத்தியாருக்கு எழுதினேன், கொஞ்சம் வெட்கத்தோடு. கேட்டதைச் செய்து கொடுத்தாயிற்று, இனி உங்கள் பாடு என்று அவர் கதவைச் சாத்தியிருக்கலாம். அவர் கேட்டது இது: 'சந்திரனுடைய பழைய குரல் எங்காவது பதிவாகி இருக்கிறதா? இருந்தால் அந்தப் பதிவிலிருந்தே எடுக்க ஒரு வழி செய்கிறேன்.'

கூடவே இருந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி! கேட்டதைக் கொடுக்கிறவர்கள் உண்டு. எதற்காகக் கேட்கிறார்கள் என்று கடைசி வரை கூட வருகிறவர்களை எனக்கு அதிகம் தெரியாது. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பதிவா இல்லை? கமராவுக்குப் பின்னால் நின்றவர் ஒரு வீடியோவில்கூடத் தெரியமாட்டார். குரல் மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. துளசியின் பிறந்தநாள் ஒன்றில், கேக்குக்குப் பின்னால் அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அண்ணாவின் குரல்: "இஞ்சாரும்! இஞ்சை பாரும்... கொஞ்சம் சிரியுமன்!" வாத்தியார் செய்து தந்த வழியில் துளசி முதல் சொல்லை வெட்டி எடுத்து, அக்காவின் படத்தில் போட்டாள்.

அப்போது வந்ததுதான் அந்த இரண்டு வரி மின்னஞ்சல்.

சனிக்கிழமை போனோம். அக்கா குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். டேப்லெட்டை அண்ணாவின் மடியில் வைத்தாள் துளசி. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். வேண்டாவெறுப்பாக அக்காவின் படத்தை அழுத்தினார்.

"இஞ்சாரும்!"

அண்ணா குனிந்து டேப்லெட்டைப் பார்த்தார். தன் குரலை எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கிறார்!

குசினியிலிருந்து, "ஓம், வாறன்!" என்று பழைய வேகத்தில் பதில் வந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்த அக்கா, ஹால் வாசலில்தான் நின்றார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அண்ணா அவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் அழுத்தினார்.

அழுதோம். எல்லாரும்தான். வடை கருகிய வாசம் வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

வாத்தியாருக்கு எழுதினேன். ஆப்பின் அடுத்த அறிவிப்பில், 'இனி ஆட்களைப் பெயரில்லாமலும் கூப்பிடலாம். சிட்னி சந்திரனுக்கும் அவர் மனைவிக்கும் நன்றி' என்று போட்டிருந்தார்கள். அங்கேயும் அக்காவுக்குப் பெயர் இல்லை. அக்காவுக்கு அதில் பரம திருப்தி.

நேற்று அவரிடமிருந்து எனக்குப் போன். "பிள்ளை, அந்த மனிசனுக்கு இன்னொண்டு எழுதும். இவர் நாள் முழுக்க அந்தப் பட்டனை அமத்துறார். ஒண்டும் வேண்டாம், சும்மா கூப்பிடுறார். அடுப்படியில நிக்கேலாமல் கிடக்கு. ஒருக்கால் அமத்தினால் அரை மணித்தியாலத்துக்குத் திருப்பி அமத்தேலாத மாதிரிச் செய்யச் சொல்லும்."

எழுதினேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது.

'கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அது பழுது இல்லை.'

அக்காவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் அந்தப் பக்கம் 'இஞ்சாரும்!' என்று கேட்டது — அக்கா "ஓம், வாறன்!" என்று போய்விட்டார்.