முதுகுக்குப் பின்னால் போன பந்து

இலங்கையின் மாத்தளையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். நெட்பால் என்கிற வலைப்பந்து என்றால் எனக்குப் பைத்தியம். பந்தைத் தவறவிட்டவளைத் திட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், சும்மா கிடக்காமல், எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

தோட்டத்து மைதானம் பையன்களின் காற்பந்துக்கென்றே இருந்தது. நாங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில்தான் பழகினோம். ஞாயிறு மாலையில் பெண்களுக்கு ஒரு மணி நேரம் மைதானம் வேண்டும் என்று, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டேன்.

"ஒங்க காலேஜ் புள்ளைங்ககூட ஒருதடவ வெளையாடிக் காட்டட்டும். பாக்குறவங்க சிரிப்பா சிரிச்சா, இனி இந்தப் பேச்சே வேணாம் டீச்சர்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இந்தப் பெண்களிடம் ஒரு கோளாறு. பந்து கைக்கு வந்ததும் தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் வீசிவிடுவார்கள். பறித்த கொழுந்தை முதுகுக் கூடைக்குள் எறிந்தே பழகிய கைகள். "முன்னால, முன்னால" என்று கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"கை கேக்க மாட்டேங்குதுங்க டீச்சர்" என்று சிரித்தாள் அணித்தலைவி. மூன்று பிள்ளைகளின் தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "கிரவுண்டு கெடைக்குங்களா? வாரத்துல இந்த ஒரு மணிநேரந்தாங்க நான் யாருக்கும் எதுவும் செய்யாம இருக்கேன்."

ஆட்ட நாளில் என் மாணவிகள் கன்வஸ் சப்பாத்தும் மடிப்புப் பாவாடையுமாக நின்றார்கள். இவர்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வெறுங்காலோடு. நான்தான் நடுவர். முதல் பந்தே முதுகுக்குப் பின்னால் பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. வேடிக்கை பார்த்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்காலியில் இருந்த துரையும் சிரித்தார். இடைவேளைக்குள் தோட்டத்துப் பெண்கள் எட்டுக் கோல் வாங்கிவிட்டார்கள்.

திட்டுவதற்கென்றே அவர்களிடம் போனேன். அதற்குள் தலைவி தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வாய மூடிக்கிட்டு ஆடுனா யாரு எங்க நிக்கிறான்னு எப்புடிடி தெரியும்? மலையில பேசுற மாதிரி பேசிக்கிட்டே ஆடுங்க."

கொழுந்து மலையில் அவர்கள் ஓயாமல் பேசுவதை நான் வெறும் வம்பு என்றே நினைத்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு அந்த வம்பு பேசிக்கொண்டேதான் ஆடினார்கள். எங்கிருந்து குரல் வந்ததோ அங்கே பந்து போனது. திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாக, குரலுக்குரியவளின் கையில் போய் உட்கார்ந்தது. கண்ணைப் பார்த்துத் திசையைக் கணிக்க நான் பழக்கிய பிள்ளைகள் முழித்தார்கள். விசிலை வாயில் வைத்தபடி நான் மலைத்து நின்றேன். பையன்களின் சிரிப்பு எப்போது நின்றது என்றே தெரியவில்லை. துரை நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

இருந்தும் ஒரு கோலால் தோற்றார்கள்.

கெஞ்சியாவது பார்ப்போம் என்று துரையிடம் ஓடினேன். தலைவி எனக்கு முன்பே அங்கே நின்றாள். துரையின் கார் வந்தால் பாதையை விட்டு இறங்கித் தலைகுனிந்து நிற்பவள் அவள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வருவோங்க தொரை. பயலுகள சீக்கிரம் முடிக்கச் சொல்லிருங்க" என்றாள்.

கேட்கவில்லை, சொன்னாள். துரை என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோறு வடிக்க லயத்துக்குப் போனாள்.