வாசிக்கக் கிடைத்த வானொலி

ஒரு வருடமாகத் தினமும் நான்கு முறை ஒரே அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். "நேயர்களே, டிஜிட்டலில் நமக்கு இப்போது இரண்டாவது சேனலும் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு நிகழ்ச்சிகள்." வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர் வேலை எனக்கு. எழுதிக் கொடுப்பதை வாசிப்பேன். அந்த இரண்டாவது சேனலை நானே ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கான வானொலிப் பெட்டி எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடையாது. புதிய கார்கள் சிலவற்றில் அந்த வசதி இருந்தது. கார் வைத்திருப்பவர்களில் பலருக்கே அது தெரியாது.

அறிவிப்பு மட்டும் போதாது, ஊர் ஊராகப் போய்க் காட்ட வேண்டும் என்று நிலையத்தில் முடிவானது. வசதியுள்ள கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பொறியாளர் ஒருவரும் நானும் அருப்புக்கோட்டைக்கு வந்தோம். விசைத்தறிகள் ஓடும் தெரு முனையில் காரை நிறுத்தி, பேனரைக் கட்டினோம். இருபது பேராவது கூடிவிட்டார்கள். பொறியாளர் பொத்தானை அழுத்தினார். 'சிக்னல் இல்லை' என்று திரையில் வந்தது. மறுபடி அழுத்தினார். அதே எழுத்து.

"தறி மோட்டார் அத்தனையும் இரைச்சல் போடுது மேடம். பழைய ரேடியோன்னா கரகரன்னாவது கேக்கும். இது வந்தா முழுசா வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராது" என்றார் பொறியாளர் என்னிடம் மெதுவாக.

"காரு விக்க வந்தீகளா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேனரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.

திருச்சுழி சாலையில் ஊர் தாண்டியதும் இருபுறமும் கரிசல் காடுதான். கொத்தமல்லி விதைத்திருந்தார்கள். பொறியாளர் எதற்கும் பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தினார். சட்டென்று என் குரல் வந்தது, காலையில் பதிவு செய்திருந்த அதே அறிவிப்பு; நாங்கள் ஊரில் காட்டுவதற்காக அன்று அதை அடிக்கடி ஒலிபரப்பினார்கள். கரகரப்பே இல்லை. "நேயர்களே" என்பதற்கு முன்னால் நான் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவர் இன்னொரு பொத்தானைத் தொட்டார். அலைவரிசை எண் மாறவில்லை. என் குரல் போய் நாகஸ்வரம் வந்தது. திரும்பத் தொட்டார், நான் வந்தேன். அவரிடம் காரை ஓரங்கட்டச் சொன்னேன்.

களையெடுத்துக்கொண்டிருந்த வயதான கணவனும் மனைவியும், என்னவோ ஏதோ என்று வரப்பேறி வந்தார்கள். விவரம் சொன்னேன். அந்த அம்மா காருக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

"ஒரே நம்பர்லயா ரெண்டு பேரும் பேசுறாக? ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட மாட்டாகளா?"

பொறியாளர் விளக்கத் தொடங்கினார். கணவரையும் உட்காரச் சொன்னேன். அந்த அம்மா கையை ஆட்டினார்.

"இவுகளுக்குக் காது கேக்காதும்மா. காச்சல் வந்து கேக்காமப் போயி பத்து வருசமாச்சு. அதுக்கு முன்னாடி ரேடியோ பாடலேன்னா இவுகளுக்குச் சோறு எறங்காது."

பொறியாளர், "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நல்லாப் படிப்பாக."

பொறியாளர் பெரியவரை முன்சீட்டில் உட்கார வைத்து, திரையில் எதையோ தட்டினார். ஒலியோடு எழுத்தும் இதே அலையில் வருகிறதாம். எங்கள் அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருந்ததில்லை. தமிழ் எழுத்துகள் வரிவரியாகத் திரையில் ஏறின. பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உரக்க வாசித்தார். காது கேளாதவரின் ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யலாம்."

நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ரேடியோவா இது?"

அந்த அம்மா தலையாட்டினார். அவர் அடுத்த செய்தியை வாசித்தார், அதற்கடுத்ததையும். நடுவில் கதவில் இருந்த ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளே என் குரல் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. "யாரோ பேசுறாக" என்றார். பொறியாளர் என்னைக் காட்டினார். பெரியவர் கையை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. என் குரல் அவர் கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ நேயர்களோடு பேசியிருக்கிறேன்; குரல் ஒருவரைப் போய்த் தொடுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நிலையத்துக்குத் திரும்பியதும் அறிவிப்பை மாற்றி எழுத அனுமதி கேட்டேன். 'கேட்கலாம், வாசிக்கவும் செய்யலாம்' என்று சேர்த்தோம்.

சில மாதங்கள் கழித்து, நான் பணியில் இருந்தபோது நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. திருச்சுழி சாலையில் பார்த்த அந்த அம்மாதான்.

"பாலவனத்தத்துல, மக வீட்டுல இருந்து பேசுறேன். மருமகன் புதுக் காரு எடுத்திருக்காக. இவுக அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கிறாக. அந்த எழுத்து எதை அமுக்குனா வரும்மா?"

ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அந்த அம்மா அதை மருமகனிடம் சொன்னார். அப்புறம், போனுக்கு அந்தப் பக்கம் தள்ளி, பெரியவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.