நாலு கடைக்கு ஒருத்தி

என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, அன்புச்செல்வி. கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். மதியம் டப்பாவைத் திறந்து வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். "கீழ வந்து என்கூட உக்காந்து துன்னேன்டி" என்று கூப்பிட்டால், "போன் வரும்க்கா" என்பாள். போனாவது மண்ணாவது! நாள் முழுக்க அந்த போன் அடித்து நான் கேட்டதில்லை.

ஆரணியில் பட்டுக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. இரண்டாயிரத்து ஆறு, ஏழு இருக்கும். தனித்தனியாக வைத்தால் செலவென்று நாலு முதலாளிகள் சேர்ந்து, சென்னையில் ஒருவனிடம் ஒரே சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டார்கள். ஒரே வீட்டில் நாலு குடித்தனம் மாதிரி. உள்ளே போனால் மேலே நாலு கடைப் பெயரும் இருக்கும்; எதை அழுத்துகிறாளோ அந்தக் கடை திறக்கும். அதன் புடவைப் படங்கள், விலை, வெளிநாட்டிலிருந்து வரும் விசாரிப்புகள் எல்லாம் தனியாக வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவை சம்பந்தமே இல்லாத நாலு கடைகள். உள்ளே படம் போடுவது, விலை மாற்றுவது, பதில் எழுதுவது எல்லாம் இவள் ஒருத்திதான்.

சேர்ந்து பணம் போட்டார்களே தவிர, ஒருவரை ஒருவர் நம்ப வேண்டுமே! தன் புது பார்டரை அவன் பார்த்துவிடுவானோ, தன் வாடிக்கையை இவன் இழுத்துவிடுவானோ என்று நாலு பேருக்கும் ஓயாத சந்தேகம். அதனால் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கற்பூரத்தை ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். ஒரு கடை விஷயம் இன்னொரு கடைக்குப் போகக்கூடாது. நாலுக்கும் வேலை செய்வது ஒரே ஆள் என்பது எந்த வாடிக்கையாளருக்கும் தெரியக்கூடாது. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு, மனுஷிக்குக் கற்பூரம். நல்லா இருக்குடா உங்க நியாயம்!

அது பற்றாதென்று கடைக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அருணகிரி முதலியார் கடைக்குக் கடிதம் வந்தால் இவள் கீதா. தெய்வநாயகி அம்மாள் கடைக்கு ஜெயப்ரியா. மற்ற இரண்டும் எனக்கு மறந்துபோய்விட்டன. அன்புச்செல்வி என்ற பெயர் மட்டும் அந்தச் சாஃப்ட்வேரில் எங்கேயும் கிடையாது.

ஒவ்வொரு முதலாளிக்கும் அவள் மற்ற மூன்று பேருடைய ஆள். அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் வெப்சைட்டில் ஏற்றியவள் அவள்தான். ஒரு பத்திரிகை அவள் கைக்கு வந்ததில்லை. ஊரில் அம்மா காத்தாயி மட்டும் இருந்தாள். ஒரு ஆடி மாதம் அவளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க நாலு கடையிலிருந்தும் ஒரு ஈ காக்கா போகவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

துக்கம் கேட்டது ஒரே ஒருத்தி. மலேசியாவில் ஈப்போவில் இருக்கிற ராஜம்மாள், ஓய்வு பெற்ற நர்ஸ். பேத்திக்குப் புடவை கேட்டு அருணகிரி கடைக்கு எழுதியவர், கீதாவின் பதில் பிடித்துப்போய், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டி எழுத ஆரம்பித்தார். சாப்பிட்டாயா, மழை பெய்ததா, வீட்டுக்காரர் மாணிக்கம் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது என்று. இவளும் எழுதினாள். அம்மா போனதையும் எழுதினாள். கீதா என்று கையெழுத்துப் போட்டு, தன் துக்கத்தை. அந்தக் கடிதம் வருகிற நாளில் மாடிப்படியில் அவள் இறங்கி வருவதே வேறு மாதிரி இருக்கும்.

தை மாதம் ராஜம்மாள் எழுதினார்: ஆரணிக்கு வருகிறேன், கீதாவைப் பார்க்க.

பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னிடமே வந்து, "எந்தப் புடவ கட்டட்டும்க்கா?" என்று கேட்டாள். பிறகு அருணகிரியிடம் போய்ச் சொன்னாள். அவர் உடனே, "என் மருமகள கீதான்னு காட்டிக்கலாம். நீ போட்டோ எடுக்க வா, போதும்" என்றார்.

"அவங்க என்னத்தாங்க பாக்க வராங்க."

"நாலு கடைக்கும் போற பொண்ணு நீ. அந்தம்மா உன் பின்னாடியே அடுத்த கடைக்குப் போய்ட்டா? அதுவும் இல்லாம, உன்னையும் வூட்ல கூட்டினு போய் எங்களோட ஒக்கார வச்சு சாப்பாடு போடணும். பேஜார் பண்ணாத."

அந்த இரண்டாவது காரணம்தான் முதல் காரணம். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்றைக்கு நானும் கூடவே போனேன். வேடிக்கை பார்க்க என்னை யார் தடுப்பது? ராஜம்மாள் ஒல்லியாக, வெள்ளை முடியோடு வந்து இறங்கினார். பட்டுப்புடவையில் நின்ற மருமகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அம்மா போன பிறகு ஒழுங்கா சாப்பிடுறியா கண்ணு?"

"எங்கம்மா சேத்துப்பட்டுல நல்லா கீறாங்களே!" என்றது அந்தப் பெண்.

அருணகிரி இருமினார். பிறகு, "பொண்ணு வெக்கத்துல உளறுதுங்க" என்றார். ராஜம்மாள் கையை மெதுவாக எடுத்தார். "என் வீட்டுக்காரர் பேராவது ஞாபகம் இருக்கா கண்ணு?" மருமகள் மாமனாரைப் பார்த்தாள்.

நான் அன்புச்செல்வியின் இடுப்பைக் கிள்ளினேன். "சொல்லுடி!" உதடு திறந்தது. நாலு பேர் முன்னால் அணைத்த கற்பூரம் அவள் வாயை அடைத்துவிட்டது. கேமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

போகும்போது ராஜம்மாள் அவள் பக்கம் திரும்பி, "நீ யாரும்மா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்று கேட்டார்.

"போட்டோ எடுக்கிற பொண்ணும்மா" என்றாள் அன்புச்செல்வி.

அதோடு அருணகிரி கடையின் கடிதப் பெட்டிக்கு ஈப்போவிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அவள் தினமும் அந்தக் கடையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். டப்பாவில் பாதிச் சோறு அப்படியே திரும்பிப் போகும்.

சித்திரையில் ஒருநாள், "அக்கா, மேல வாங்களேன்" என்று கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திறந்திருந்தது தெய்வநாயகி அம்மாள் கடை. அந்தப் பெட்டியில் ராஜம்மாள். பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு அரக்குச் சிவப்பில் ஒரு புடவை வேண்டுமாம். கீழே எழுதியிருந்தார்: "முன்பு உங்கள் ஊர்க் கடை ஒன்றில் ஒரு பெண் மகள் மாதிரி எழுதி என்னை ஏமாற்றிவிட்டது. நேரில் போனால் எல்லாம் வியாபாரப் பேச்சு. ஆகவே அன்பாக எதுவும் எழுத வேண்டாம். விலை மட்டும் சொன்னால் போதும்."

நான் அவள் நாற்காலியைப் பிடித்து உலுக்கினேன். "எழுதுடி! அது நான்தான்னு எழுது. உங்க வீட்டுக்காரர் பேரு மாணிக்கம்னு எழுது. சத்தியமாவது ஒண்ணாவது, அவனுங்க எந்த சத்தியத்தக் காப்பாத்துனானுங்க?"

"எழுதலாம்க்கா." விரலைக் கீபோர்டுமேல் வைத்தாள், எடுத்தாள். "ஆனா இது வேற கடைங்க. ஒரு கடைக்காரங்க சொல்லிக் கொடுத்து இன்னொரு கடைக்காரங்களும் ஏமாத்தறாங்கன்னுதான நெனப்பாங்க? செத்துப்போன அவர் பேர வச்சு."

நான் சண்டைக்கு எப்போதும் தயாராக இருக்கிறவள். அன்றைக்கு அவள் தோளில் கையை மட்டும் வைத்தேன், எலும்புதான் தட்டுப்பட்டது.

அவள் விலையை எழுதினாள். அனுப்பும் செலவை எழுதினாள். அதற்குக் கீழே வேறொன்றும் எழுதாமல், ஜெயப்ரியா என்று போட்டு அனுப்பினாள்.