சுவரில் சிரிக்கும் அத்தான்

பதுளை பஸ் நிலையத்துக்குப் போகும் தெருவில், நீண்ட மதில் ஒன்றை மூடியிருந்த துணியை அக்காவின் கையால்தான் விலக்கச் சொன்னார்கள். அவள் இழுத்ததும் அத்தான் சிரித்தார். இரண்டு ஆள் உயர ஓவியம். தலையில் துரைமார் அணியும் தொப்பி. பின்னால் தேயிலை மலை. அதில் கூடையோடு சிரித்து நிற்கும் பெண்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னாள்: "இவ்வளவு சிரிச்சுக்கிட்டு எவடி கொழுந்து எடுப்பா?"

அத்தான், அக்காவின் கணவர், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். திருவிழாக் காலம் வந்தால் வேறு ஆள். அப்புத்தளையில் அவர் மேடையேறுகிறார் என்றால் சுற்றுத் தோட்டங்களிலிருந்து ஜனம் லொறி பிடித்து வரும். அவர் போட்ட வேடங்களில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது துரை வேடம்தான். அந்த வேடத்துக்கு வார்த்தை கொடுத்தவள் நான். அப்போது தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் எனக்குச் சமையலறை வேலை. துரை தன் நாயிடம் "சாப்பிட்டியா, குளிருதா" என்று கொஞ்சுவார். அதே மூச்சில், லீவு கேட்டு வாசலில் நிற்பவரைப் பார்த்துக் குரைப்பார். ஒருநாள் இதை அத்தானிடம் சிரிப்பாகச் சொல்லி வைத்தேன்.

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், முன்வரிசையில் துரை உட்கார்ந்திருக்கும்போதே, அத்தான் அதைச் செய்து காட்டினார். முதலில் யாருக்கும் மூச்சு வரவில்லை. பிறகு கூட்டமே வெடித்துச் சிரித்தது. துரை பாதியில் எழுந்து போனார்.

அத்தான்மேல் கைவைத்தால் தோட்டமே வேலையை நிறுத்திவிடும் என்பது துரைக்குத் தெரியும். மறுநாள் காலை, ஆள் கூட்டும் பெரட்டில் வேலை பிரித்தபோது, அக்காவின் பெயரை மட்டும் உச்சி மலைக்குப் போட்டார்கள். செங்குத்தான இடம், கால் வைத்தால் அட்டை ஏறும். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் அங்கேதான் ஏறினாள். ஒரு மழைநாளில் கூடையோடு சறுக்கி விழுந்ததில் இடுப்பு போயிற்று. இன்றும் ஒரு பக்கம் சாய்ந்தே நடக்கிறாள். அத்தான் அந்த வேடத்தை விடவில்லை. கூப்பிட்ட இடமெல்லாம் அதையே கேட்டார்கள். பங்களா வேலை போய்விடும் என்று நானும் வாய் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமலே அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஓவியத் திறப்பில் பேச்சாளர்கள் அவருடைய துணிச்சலைப் பற்றி மாறி மாறிப் பேசினார்கள். கூட்டம் கலைந்தபோது அக்காவால் நிற்க முடியவில்லை. மதிலின் அடியிலிருந்த சிமெந்துக் கட்டின்மேல் இருவரும் உட்கார்ந்தோம். இத்தனை வருடம் சுமந்ததில் நானும் களைத்துப்போயிருந்தேன். துரை பேசியதை அத்தானுக்குச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அத எதுக்குடி இப்ப சொல்ற? இடுப்பு நேராயிருமா?" என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு நானுந்தான்டி சிரிச்சேன். முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு சிரிச்சேன். உச்சி மலைக்கு ஏறுறப்பவும் அத நெனச்சா சிரிப்பு வரும். அப்புறம் மழை வந்துருச்சு."

அப்போது வேலை முடிந்து வந்தவர்போலத் தெரிந்த ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி எங்கள் முன்னால் நின்றார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படம் மறையுது."

நான் எழப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எந்திரிக்க முடியாதுங்க. எடுக்கிறதுன்னா எங்களையும் சேர்த்து எடுங்க."

அவர் தயங்கினார். பிறகு தெருவோரம்வரை பின்னால் போய், எல்லாம் அடங்கும்படி கைபேசியைத் திருப்பினார். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு, சிரிக்காமல், நேராகப் பார்த்தாள்.