ஆறு மணிக்குக் கூப்பிடும்

கொளஞ்சி அக்காவுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவுக்குப் பதினோரு வருடம் தெரியாமல் இருந்தது. நாற்பத்தாறு வயது அவருக்கு. எறையூருக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். இன்றும் அங்கிருந்துதான் காலை பஸ்ஸில் வருகிறார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வேலை. அம்மாவை நான் ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொண்ட பிறகு, மூன்றில் எங்கள் வீடு மட்டும் ஆள் இல்லாத வீடு. சாவி அவரிடமே இருக்கும். முன்வாசலைக் கூட்டி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, பொழுது சாயும்போது முன்பக்க விளக்கைப் போட்டுவிட்டு ஆறரை பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

பூட்டிய வீட்டைப் பற்றி வெளிநாட்டில் இருப்பவர்கள் என்னென்ன நினைப்பார்களோ அதையெல்லாம் நானும் நினைப்பேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்பேன். ஒருமுறை கொளஞ்சி சொன்னார், "போன வருசம் மூடுனதுதான் பாப்பா. அதுக்கப்புறம் அதுவா தொறந்துக்கிட்டா நான் என்ன பண்றது."

மழை விட்டுப் பனி இறங்கும் மாதங்களில் மட்டும் அவருடைய பதில்கள் நீளும். கேஸைப் பற்றிக் கேட்டால் கொல்லையைப் பற்றிச் சொல்வார். எங்கள் கொல்லை பெரியதல்ல. ஒரு மா, ஒரு நெல்லி, மதிலோரம் மருதாணி, கிணற்றடியில் இரண்டு செம்பருத்தி. குண்டுகரிச்சான் காலையில் மதில்மேல் நின்று பாடுகிறது என்பார். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வந்துவிட்டது என்பார். கருஞ்சிட்டு ஒன்று துவைகல்லில் உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறது, மேலே முழுக்கக் கறுப்பு, வாலுக்கு அடியில் மட்டும் செங்கல் நிறம், ஏதோ ரகசியமாகப் புதுத்துணி கட்டியிருப்பதுபோல என்பார். அது பின் ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, வேறொரு கருஞ்சிட்டு என்று நினைத்து நாள் முழுக்கச் சண்டை போட்டதால், அந்த ஜன்னலுக்கு வெளியே அம்மாவின் பழைய துப்பட்டாவைக் கட்டிவிட்டதாக ஒருநாள் சொன்னார். நான் அப்போது துப்பட்டாவை மட்டும்தான் கவனித்தேன். எந்தத் துப்பட்டா என்று கேட்டேன்.

பறவை பார்ப்பதற்கென்று அவர் எங்கும் போனதில்லை. பதினேழு வயதிலிருந்து முப்பத்தைந்து வரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். நான்கு பக்கமும் வெட்டிக்கொண்டே வந்தால், தோட்டத்தில் இருக்கிற சின்னக் குருவிகளெல்லாம் நடுவே நடுவே நகர்ந்து, கடைசியில் பாய் அகலக் கரும்பில் வந்து நிற்குமாம். அதையும் வெட்டும்போது ஒரேயடியாக மேலே எழும்பும். அந்த இடம் வந்ததும் கொளஞ்சி ஒரு நிமிடம் கத்தியை நிறுத்துவார். மேஸ்திரி திட்டுவார். பதினெட்டு வருடமும் இப்படியேதான்.

அந்தக் கூட்டத்துக்குக் கடிகாரம் ஓடையோரப் புதரில் இருந்தது. ஐப்பசியில் வந்து பங்குனியில் போய்விடும் ஆறுமணிக்குருவி. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். பச்சை முதுகு, இறக்கையில் ஒரு கீற்று நீலம், அடிவயிற்றில் சிவப்பு. சருகில் தத்தித் தத்தி நடந்து, இலையைப் புரட்டிப் புழு தின்னும். விடியும்போதும் இருட்டும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு விசில். மாலை விசில் கேட்டதும், "குருவி கூப்ட்டாச்சு" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் கத்தியைக் கீழே போடுவார்கள். மேஸ்திரியின் கைக்கடிகாரத்தை யாரும் நம்பவில்லை.

கொளஞ்சி அந்த விசிலைப் பழகினார். ஒருநாள் ஐந்தேகாலுக்கே புதருக்குப் பின்னால் போய் அடித்துவிட்டார். கூட்டம் கலைந்து பாதி வழி போன பிறகு உண்மையான குருவி கூப்பிட்டது. மேஸ்திரி எல்லோரையும் திரும்ப அழைத்து, இருட்டும்வரை வெட்டவைத்தார். அதன்பிறகு கொளஞ்சி மனிதர்கள் காதுபட விசில் அடித்ததில்லை.

போன ஐப்பசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை மதியம் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. அதை இப்போதும் வைத்திருக்கிறேன். அதில் அவர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்.

"பாப்பா, குருவி வந்துட்டுது. போன வருசம் வந்த அதேதான்னு நெனக்கிறேன். பின்னாடிதான் தங்கியிருக்கு. யாருகிட்டயும் சொல்லல. கூட்டுனா போயிரும்னு பின்பக்கம் கூட்டல. நீங்களும் ஆளு யாரையும் அனுப்பாதீங்க. பங்குனி வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

எங்கள் ஊரில் குருவி என்றால் இரண்டு. ஒன்று பறவை. இன்னொன்று, பிறருடைய சரக்கைப் பெட்டியிலும் உடம்பிலும் வைத்துக்கொண்டு விமானம் ஏறி இறங்குகிற ஆள். அந்த ஆளையும் எங்கள் ஊரில் "வந்துருக்கு, போயிருக்கு" என்றுதான் பேசுவார்கள். என் சொந்தத்தில் ஒருவன் அப்படி வந்து விமான நிலையத்தில் மாட்டி, அவன் அக்காவின் நிக்காஹ் நின்றுபோனது. ஆகவே அந்தப் பதிவை நான் ஒரே விதமாகத்தான் கேட்டேன். பூட்டிய வீட்டின் பின்னால் யாரோ தங்கியிருக்கிறான். போன வருடமும் தங்கியிருக்கிறான். கொளஞ்சிக்குத் தெரியும்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயந்தேன். தாய்மாமா நஜீமுதீனை அழைத்து, "வீட்ல குருவி தங்கியிருக்காம்" என்று மட்டும் சொன்னேன். மலேசியாவில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பின் ஜன்னலில் துணி கட்டியிருந்ததைப் பின்சந்தில் போகும்போது பார்த்ததாகவும், அப்போதே மனதில் பட்டதாகவும் சொன்னார்.

அன்றே அசர் தொழுகை முடிந்ததும் மாமா போனார். கொல்லைக்குப் பேவர் பிளாக் போடச் சொல்லி வைத்திருந்த தர்மனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டார். வாசலில் கொளஞ்சியிடம் கையை நீட்டினார். அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். மூன்று அறை, மாடி, கட்டிலுக்கு அடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார்கள். ஆள் இல்லை. கொல்லையில் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு கிடந்தது. சரக்கு அதற்கு அடியில் இருக்கலாம் என்று மாமாவுக்குத் தோன்றியது. தர்மன் முழுவதையும் வாரி, மூட்டை கட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். ஒரு சில்வர் மூடி கிடைத்தது.

கொளஞ்சி கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் வந்தார்.

"குருவி எங்க?"

"இத்தன பேரு நடமாடுனா நிக்குமா பாய்."

"எங்கேருந்து வந்துச்சு?"

"வடக்கேருந்து வருதுன்னு சொல்லுவாங்க."

"வடக்கன்னா? பாம்பேயா?"

"இருக்கும்."

"இப்ப எங்கருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"ஆறு மணிக்குக் கூப்பிடும்."

மாமா அவருடைய போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எந்த நம்பரிலிருந்து கூப்பிடும் என்று கேட்டார்.

"நம்பரா?" என்றார் கொளஞ்சி.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத."

மாமா துவைகல்லில் உட்கார்ந்து, போனை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஐந்தே முக்காலுக்கு ஒரு அழைப்பு வந்தது. சலாம் சொல்லி, எங்கே இருக்கீங்க என்று கேட்டார். காலர் டியூன் வேண்டுமானால் ஒன்றை அழுத்தச் சொல்லி ஒரு பெண் குரல் சொன்னது. அவர் அழுத்தவில்லை.

வெளிச்சம் மங்கியது. பக்கத்து வீட்டு ஜைனம்புவின் மாமரத்துக்குக் கீழேயிருந்து, மதிலுக்கு அந்தப்பக்கம், இரண்டு சுரத்தில் ஒரு விசில் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

"கூப்ட்டாச்சு," என்றார் கொளஞ்சி.

மாமாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தார் என்றும், இருமல் வரும்வரை சிரித்தார் என்றும் தர்மன் பிறகு ஊரெல்லாம் சொன்னார். பாங்கு சொல்லிவிட்டார்கள். மஃரிப் தொழுகைக்குக் கிளம்பிய மாமா போனையும் சாவியையும் நீட்டினார். கொளஞ்சி போனை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"பாப்பா சொல்லித்தான வாங்குனீங்க," என்றார். பிறகு வெறும் மண்ணாகக் கிடந்த கொல்லையைப் பார்த்தார். "சாவி போனாப் போவுது பாய். அது தங்கறதுக்கு ஒரு இலைகூட விடாமப் பண்ணிட்டீங்களே."

நான் கொளஞ்சியை அழைக்க இரண்டு நாள் ஆனது. என்ன சொல்வது என்று முதலில் ஆங்கிலத்தில் யோசித்தேன். அது அலுவலகக் கடிதம்போல வந்தது. தமிழில் யோசித்தால் ஒரு வாக்கியத்துக்குமேல் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"கொளஞ்சிக்கா, தப்பா நெனச்சுட்டேன்."

"கேஸே தானா தொறந்துக்கும்னு நெனக்கிற ஆளு. குருவிய நெனக்கமாட்டீங்களா?" என்றார். கோபம் இருந்ததா என்று குரலில் தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"அது திரும்ப வரட்டும் பாப்பா. வந்தா வாங்கிக்கிறேன். வரலன்னா அந்த வூட்ல எனக்கு என்ன இருக்கு, கேஸத் தவிர."

இரண்டு விஷயம் கேட்டார். கொல்லைக்குக் கல் போட வேண்டாம். பின்கதவை மட்டும் தினமும் ஒரு மணி நேரம் மாமா திறந்துவிட வேண்டும். இரண்டுக்கும் சரி என்றேன். தர்மனை நானே அழைத்து வேலை இல்லை என்றேன். இறக்கிய கல்லை என்ன செய்வது என்று கேட்டார். முன்வாசலில் அடுக்கி வைக்கச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து கொளஞ்சி மற்ற இரண்டு வீடுகளிலும் கூட்டிய சருகைச் சாக்கில் கட்டி எங்கள் கொல்லைக்குச் சுமந்தார். தெருவில் வேறு வீடுகளிலும் கேட்டார். பிளாஸ்டிக்கையும் வாழைமட்டையையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மாவிலையை அடியில் போட்டு, நெல்லிச் சருகை மேலே தூவினார். தினமும் தண்ணீர் தெளித்தார். ஈரம் இருந்தால்தான் புழு வரும். ஜைனம்பு மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார், "ஏன் கொளஞ்சி, ஊர்ல எல்லாரும் குப்பைய வெளிய கொட்டறாங்க. நஜீமுதீன் அண்ணன் மட்டும் ஆள் வச்சு உள்ள கொட்டிக்கிறாரா?"

கொளஞ்சி அவர் வீட்டு மாவிலையையும் கேட்டார்.

"எல பூரா எடுத்துட்டுப் போ. குருவியக் கேக்காத. அது இப்ப எங்க வூட்டு விருந்தாளி."

அதற்குப் பிறகு அது ஒரு நாள்கூட அங்கே தங்கவில்லை. ஜைனம்பு வீட்டில் பூனை உண்டு. மறுநாள் மாலையே மதிலுக்கு அந்தப்பக்கமும் விசில் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் குருவியைப் பற்றி மாமாவைக் கேலி செய்தார்கள். காலர் டியூன் எடுத்துக்கிட்டீங்களா பாய் என்றார்கள். பள்ளிவாசலுக்கு வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்.

சருகு கொட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் கருஞ்சிட்டு வந்து, எதுவும் நடக்காததுபோல துவைகல்லில் வாலைத் தூக்கியது. தர்மன் தேடும்போது துப்பட்டாவை அவிழ்த்துப் போட்டிருந்தார். கருஞ்சிட்டு பழையபடி கண்ணாடியுடன் சண்டைக்குப் போனது. கொளஞ்சி துப்பட்டாவைத் திரும்பக் கட்டினார். ஐந்தாம் நாள் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கி, அடுக்கி வைத்த சருகையெல்லாம் கலைத்துவிட்டுப் போயின. தையல்சிட்டு மருதாணிக்குள் கத்திக்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம் எனக்கு மாமாதான் சொன்னார். கதவைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கொளஞ்சி எனக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நானும் கேஸைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை மழைத்தூறல். வெளிச்சம் சீக்கிரம் போய்விட்டது. கொளஞ்சி கடைசிச் சாக்கை உதறிவிட்டுக் கிணற்றடியில் நின்றாராம். மாமா துவைகல்லில். எப்போதும் கூப்பிடும் நேரம் வந்து, கடந்தும் போனது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று மாமா சொல்ல வாயெடுத்தபோது, கொளஞ்சி முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு விசில் அடித்தார்.

மாமாவுக்கு அதைப் பற்றி என்னிடம் சொல்லும்போதுகூடக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஒரு பொம்பள, நம்ம கொல்லையில, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஜைனம்பு வீட்டு ஜன்னல் திறந்தது என்றார்.

கொளஞ்சியிடமிருந்து எனக்கு அன்று வந்த பதிவு பதினான்கு விநாடி. முதலில் மழைச் சத்தம். பிறகு ஒரு விசில், கிட்டத்தில், மூச்சு கலந்து, கொஞ்சம் கரகரப்பாக. ஐந்து விநாடிக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் மருதாணிப் பக்கத்திலிருந்து இன்னொன்று, சுத்தமாக, இரண்டு சுரத்தில். யாரோ துவைகல்லை விட்டு எழுந்துகொள்ளும் சத்தம். கடைசியில் கொளஞ்சியின் குரல், எனக்குச் சொன்னது அல்ல.

"சாவியக் குடுங்க பாய். லைட்டு போடணும்."