இடது காலுக்கு வேலையில்லை

எத்தாளையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டியே என் தலை நரைத்தது. வீதியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. அந்த நினைப்போடுதான், மகளின் கலியாணத்துக்கு முந்திய மாதம், அந்த மஞ்சள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கார் மாப்பிள்ளையின் அண்ணனுடையது. முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கிறார், கார்ப் பைத்தியம். மணப்பெண்ணை அதில்தான் மாதா கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவராகவே சொன்னார். மகளுக்கு வாயெல்லாம் பல். ஆனால் அந்தக் காரில் இருக்கை இரண்டுதான்.

"அப்ப மகளோட ஆர் வாறது?" என்று கேட்டேன்.

"நீங்க ஓட்டினா நீங்க. நான் ஓட்டினா நான்," என்றார். "ஆனா மாமா, நீங்க ஓட்டுறதெண்டா முதல்ல பழகணும். சரியெண்டு எனக்குப் பட்டாத்தான் சாவி. இல்லாட்டி வேன்ல பின்னால வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் லொறி ஓட்டத் தொடங்கியபோது இவர் தொட்டிலில் கிடந்திருப்பார். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று நான் கொழும்பில் மீன் இறக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் பரிசு வாங்கிய அன்று டயர் வெடித்து நடுவழியில் நின்றேன். கலியாணத்துக்குப் போகும் இந்த ஒரு பயணத்திலாவது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக யாரிடமும் பழகலாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பழக்கம் தொடங்கியது. முதல் வேலையாக முன் மூடியைத் திறந்து பார்த்தேன். எஞ்சினைக் காணவில்லை! ஒரு பயணப் பெட்டி வைக்கிற பள்ளம் மட்டும் இருந்தது. எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதாம். பாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் எதையும் ஓட்டியதில்லை. ஆகவே குனிந்து, படுத்து, எல்லாப் பக்கமும் பார்த்தேன். வளைவில் வேகத்தோடு நுழைந்தால் இந்தப் பின்பாரம் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"உங்களை முந்திக்கொண்டு போகப் பாக்கும். அதால வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைச்சிடுங்க."

இது எனக்கு உடனே விளங்கியது. விளங்காதது என் இடது காலுக்குத்தான். காரில் கிளட்ச் இல்லை. பிரேக்கும் அக்சிலேட்டரும் மட்டும். இரண்டுக்கும் வலது கால் போதும். கல்பிட்டி வீதியில் ஒரு சந்தியில் வேகத்தைக் குறைக்கப் போனேன். இத்தனை வருடம் கிளட்ச் மிதித்த கால் சும்மா இருக்குமா? ஓங்கி மிதித்தது. அகப்பட்டது பிரேக். கார் மூக்கால் நிலத்தை உழப்போவதுபோல் குனிந்து நின்றது. சீட் பெல்ட் மட்டும் இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் அண்ணன் கண்ணாடிக்கு வெளியே போயிருப்பார்.

"மாமா, இடது காலுக்கு வேலையில்லை!"

நாலு தரம் சொன்னார். நாலு தரமும் மிதித்தேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இடது காலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலில் கம்பள விரிப்பு பட்டதும், நீ இங்கே விருந்தாளி என்று காலுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதன் பிறகு அது அசையவில்லை. எனக்கே வேடிக்கையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு இன்னொரு புதினம். என் லொறி அறுபதைத் தாண்டினால் கதவெல்லாம் கத்தும். இந்தக் கார் நூறிலும் ஒன்றும் சொல்லாது. வேகமுள்ளைப் பார்த்தால்தான் தெரியும். கால் பெருவிரலை அழுத்தியதும் தூரத்தில் தெரிந்த தென்னை பக்கத்தில் வந்து நிற்கும். உடம்பெல்லாம் சிலிர்த்தது, சிரித்தும் விட்டேன். சிரித்து முடிவதற்குள் வேலி ஓரத்திலிருந்து ஒரு த்ரீவீல் குறுக்கே ஏறியது; பிரேக்கை அழுத்தி மயிரிழையில் தப்பினோம். லொறி வந்தால் வேலிக்கு மேலால் தெரியும். எவனும் காத்து நிற்பான். இந்தக் கார் வேலி உயரம்கூட இல்லை. நான் அவனைக் கண்டேன், அவன் என்னைக் காணவில்லை. காணாதவனுக்கும் சேர்த்து நான்தான் மெதுவாகப் போக வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு பாலாவிக்கு இப்பால் ஒரு கழுதை வீதிக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் கழுதைகள் ஹோர்ன் சத்தத்துக்கு மசியாது. வலது காலால் அழகாகப் பிரேக் பிடித்தேன். கார் சொன்ன இடத்தில் நின்றது. நான் பெருமையோடு திரும்பினால் மாப்பிள்ளையின் அண்ணனின் முகம் வெளுத்திருந்தது. பின்னால் டயர்கள் அலறின. பின்கண்ணாடி நிறைய ஒரு பஸ்ஸின் முகம். அது வீதியை விட்டு இறங்கிப் புழுதிக்குள் நின்றது. கொண்டக்டர் இறங்கிவந்து தமிழிலும் சிங்களத்திலும் என் பரம்பரையை விசாரித்தார். பஸ்ஸில் யாருக்கும் ஒன்றுமில்லை.

"நீங்க நிப்பாட்டினது சரி," என்றார் மாப்பிள்ளையின் அண்ணன். "ஆனா பின்னால வாறவனுக்கு இந்த பிரேக் இல்லையே, மாமா. இண்டைக்கு என்னால சரியெண்டு சொல்ல ஏலாது."

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோழிக்கறியை மூடி வைத்தாள். கலியாணத்துக்கு முன் மிச்சம் ஒரேயொரு ஞாயிறுதான்.

அந்த ஞாயிறு முந்தல் வரை ஓட்டினேன். பண்ணை வாசலில் நிறுத்தியதும் அவர், "இண்டைக்கு ஒருக்காக்கூட நீங்க பின்கண்ணாடி பாக்காமப் பிரேக்கில கால் வைக்கல்ல," என்று சொல்லிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. வெட்கத்தில் செய்யவில்லை.

கலியாணத்தன்று மகளை உள்ளே இருத்துவதே பெரும்பாடு. வெள்ளைக் கவுண் என் முழங்கால் வரை பரவியது. பெடல் பக்கம் போகாமல் அதை அவள் வாரியெடுத்து, தோய்த்த துணியை அள்ளுவதுபோல் மடியில் வைத்துக்கொண்டாள். நான் புதுச் சப்பாத்தில் இடதைக் கழற்றினேன், சொக்ஸையும் உருவினேன், இரண்டையும் இருக்கைக்குப் பின்னால் போட்டேன். வீட்டு ஆட்கள் வேனில் பின்னால் வந்தார்கள்.

உப்பளங்களைத் தாண்டும்போது மகள் சொன்னாள், "அப்பா, உங்களோட நான் தனியா வாகனத்தில வாறது இதான் முதல் தரம்."

யோசித்துப் பார்த்தேன். ஓம். லொறியில் எப்போதும் உதவியாள் இருப்பான், மீன் இருக்கும். கண்ணாடியைப் பார்த்து, வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே முந்திப்போனார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோயில் வாசலில் இறங்கியதும் சின்னப் பிள்ளைகள் காரை மொய்த்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் ஓடிவந்து அதை அப்பால் கொண்டுபோனார். பாதர் வாசலில் நின்றார், பாட்டும் தொடங்கிவிட்டது. அப்போதுதான் இடது பாதத்தில் சீமெந்து குளிர்ந்தது. சப்பாத்து காரோடு போய்விட்டது.

நான் காலைப் பார்த்தேன். மகளும் பார்த்தாள். ஒத்திகையில் என் வலப்பக்கம் நின்றவள், இடப்பக்கம் மாறி என் கையைக் கோத்துக்கொண்டாள். கவுணை ஒரு தட்டுத் தட்டி என் பாதத்தின் மேல் விரித்தாள். காதருகே குனிந்து, "இனி ரெண்டு காலுக்கும் வேலையிருக்கு, அப்பா," என்றாள்.

பீடம் வரை என் இடது கால் அவளுடைய வெள்ளைத் துணிக்குள்ளேயே நடந்தது.