மஞ்சாடி விதைகள் நின்ற இடம்

நேற்று ஸ்கேனுக்கு நேரம் குறிக்கலாமென்று ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்தேன். சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கோமதி இருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாள், "ஏட்டி, உள்ள ரெண்டு பேரு மல்லுக்கு நிக்கானுவ."

கோமதி திருநெல்வேலிக்காரி. கேரளத்துக் கழக்கூட்டம் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி. வேலை நிரந்தரமானதும் சீக்காளி அம்மாவைக் கூட்டிவந்து இங்கேயே வைத்தியம் பார்ப்பதாக இருந்தாள். அதற்காக வலியசாலையில் வீடு பார்க்கப் போனோம். வீட்டைப் பார்த்தாளோ இல்லையோ, பின்னால் நின்ற மஞ்சாடி மரத்தடியில் சிவப்பு விதைகளைக் கைநிறையப் பொறுக்கினாள்.

அந்த விதைகள் ஆபீசுக்கு வந்தன. அப்போது ஒரு ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு நிரல் ஆபரேஷன் தியேட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு டாக்டரைத் தேடும். இன்னொன்று டாக்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு தியேட்டரைத் தேடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால்? கோமதி சார்ட் தாளில் வட்டமும் கோடுமாக வரைந்தாள். வட்டம் ஒரு நிலை, கோடு ஒரு செயல். வட்டத்தில் விதை இருந்தால்தான் கோட்டைத் தாண்டலாம். சேர்ந்து ஓடும் நிரல்கள் எங்கே முட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே பார்க்கும் கணக்கு அது. கல்லூரியில் நானும் படித்தேன், பாஸ் பண்ண மட்டும்.

மலையாளி மேனேஜரையே விளையாடச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதிரில் அவரும் உற்சாகமாக விதைகளை நகர்த்தினார். சற்று நேரத்தில் எதையும் நகர்த்த வழியில்லாமல் திருதிருவென்று விழித்தார். கோமதி சிரித்துவிட்டாள். பாவி, சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"இதெல்லாம் பேப்பர்ல வரும், லைவ்ல வராது கேட்டோ," என்றார் அவர்.

மாதக் கடைசியில் அவளை வேலையில் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"நல்ல புத்தியுள்ள குட்டிதன்னே. பட்சே டீமோட ஒத்துப்போகாது."

கோமதி ஊருக்கு வண்டியேறினாள்.

ஓணத்துக்கு முன்னால் ஒரு காலை, மென்பொருள் அவள் சொன்ன இடத்திலேயே நின்றது. ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் வரைந்த படத்தை வைத்துத்தான் மேனேஜர் சரிசெய்தார். மேடையேறிப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டார். வயிறெரியக் கை தட்டினோம்.

அன்றே கோமதிக்குப் போன் செய்தேன். "நீ சொன்னது அப்படியே நடந்துட்டு, கோமதி!"



"அம்மாவுக்கு நேத்துதான் பதினாறு கழிஞ்சிச்சு. நான் சொன்னது சரின்னா இப்ப எனக்கு என்னட்டி?"

அதன் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. அந்த ஆபீசில் இப்போது எது நின்றாலும் அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். ஏன் நின்றது என்று கேட்க ஆளில்லை. கேட்டவளைத்தான் அனுப்பிவிட்டார்களே.